ஏரியா ஆர்கேட்ல பழைய கேம் மெஷின் விக்கறாங்களா? வாங்கறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டு போங்க

அமெரிக்கால நீங்க இருக்கிற ஏரியால ஒரு பழைய ஆர்கேட், அதாவது காசு போட்டு வீடியோ கேம் விளையாடற கடை, மூடப்போறாங்க, மெஷினெல்லாம் விக்கறாங்கன்னு கேள்விப்பட்டா அன்னிக்கே கிளம்பி போயிடுங்க. விலை பேசறதுக்கு இல்ல, அந்த மெஷின் கரண்ட்ல ஓடிட்டு இருக்கும்போதே பாத்துடறதுக்கு. கடைய மூடி பிளக்க புடுங்கி எல்லாத்தையும் ஒரு மூலைல தள்ளி வச்சதுக்கு அப்புறம் "போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு"ன்னு அவங்க சொல்றத நம்பறத தவிர உங்களுக்கு வேற வழி கிடையாது. தினமும் ஆன் ஆகி சூடாகி ஓடிட்டு இருந்த போர்டு, அதாவது கேம ஓட்டற சர்க்யூட் போர்டு, ஒரு குளிர்காலம் பூரா ஹீட்டர் இல்லாத குடோன்ல கெடந்துட்டு மறுபடி ஆன் பண்ணா வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஆர்கேட்காரங்க கிட்ட நேரா வாங்கறதுல இருக்கிற பெரிய லாபமே இதுதான், அந்த மெஷின் வேலை செய்யறத நீங்க கண்ணால பாக்கலாம், அத இத்தன வருஷம் ரிப்பேர் பண்ண ஆள் அங்கயே நிப்பாரு. ஏலத்துலயும் சரி மார்க்கெட்பிளேஸ்லயும் சரி இந்த ரெண்டும் கிடைக்காது.

ஏன் விக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா என்ன விக்கறாங்கன்னும் புரியும். பாக்மேன் 1980ல வந்தப்போ ஒரு ஆட்டத்துக்கு 25 செண்ட், இன்னிக்கும் நிறைய இடத்துல அதே 25 இல்லன்னா 50 செண்ட்தான், வாடகையும் கரண்ட் பில்லும் அங்கயே நிக்கல இல்லயா. அதே இடத்துல டிக்கெட் குடுத்து பொம்மை ஜெயிக்கிற மெஷின் ஒண்ணு வச்சா வருமானம் பல மடங்கு. அதோட பழைய மெஷினுக்கு பார்ட்ஸ் கிடைக்கறது வருஷா வருஷம் கஷ்டமாயிட்டே போகுது, ஆர்கேட் மானிட்டர் பண்றதுல பேர் போன வெல்ஸ் கார்ட்னர் கம்பெனியே 2014ல கடைய கட்டிடுச்சு. ஜப்பான்ல சேகா 2020 கடைசியில தன்னோட ஆர்கேட் பிஸினஸ்ல பெரும்பங்க ஜெண்டாங்கிற கம்பெனிக்கு வித்து, 2022 ஜனவரில மிச்சத்தையும் குடுத்துட்டு அந்த தொழில விட்டே வெளிய வந்துடுச்சு. கலிஃபோர்னியா பேனிங்ல இருந்த மியூசியம் ஆஃப் பின்பால் 2021 செப்டம்பர்ல ஆயிரத்துக்கு மேல பின்பாலும் நூத்துக்கணக்கான வீடியோ கேமும் ஏலத்துல விட்டாங்க. அந்த மாதிரி பெரிய ஏலத்துல ஒரு மெஷின உக்காந்து செக் பண்றதுக்கு நேரமே கிடைக்காது, சுத்தி கூட்டம் கைய தூக்கிட்டு இருக்கும்போது நம்ம கையும் தானா மேல போகும், அப்புறம் வாங்கின விலைக்கு மேல பையர்ஸ் பிரீமியம்னு ஏலக்காரங்க கமிஷன், அதுக்கு மேல டேக்ஸ். அதனால உங்க ஊர்ல இருக்கிற சின்ன ஆர்கேட் விக்கறதுதான் நல்ல சான்ஸ்.

போனதும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, இந்த மெஷின் யாரோடது? நிறைய ஆர்கேட், பீட்சா கடை, பௌலிங் இடத்துல நிக்கிற மெஷின் அந்த கடைக்காரரோடதே இருக்காது. ஆபரேட்டர்னு ஒருத்தர் இருப்பாரு, அவரு மெஷின அங்க வச்சு வர்ற காச கடைக்காரரோட பங்கு பிரிச்சுக்குவாரு. மெஷின் பின்னாடியோ காயின் டோர், அதாவது காசு போடற முன்கதவு பக்கத்துலயோ ஒரு ஸ்டிக்கர்ல ஆபரேட்டர் பேரும் ஃபோன் நம்பரும் இருந்தா அத கவனிங்க. கடைக்காரர் கிட்ட காச குடுத்து மெஷின வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டு, பத்து நாள் கழிச்சு ஆபரேட்டர் வந்து கேட்டா உங்க பக்கம் நியாயம் நிக்காது. சீரியல் நம்பர் போட்ட தகடு பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும், அத ஃபோட்டோ எடுத்து, அந்த நம்பரோட ஒரு பில் ஆஃப் சேல், அதாவது வித்ததுக்கான ரசீது எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, ஒரு பக்கம் போதும்.

அடுத்தது டெக்னீஷியன். எந்த ஆர்கேட்லயும் இடுப்புல சாவிக்கொத்து மாட்டிக்கிட்டு சுத்தற ஒரு ஆள் இருப்பாரு, ஓனர விட அவருக்குத்தான் எல்லாம் தெரியும். அவரு கிட்ட மரியாதையா, அவசரப்படாம பேசுங்க. எது அடிக்கடி ரிப்பேருக்கு வந்துச்சு, எந்த மானிட்டருக்கு கெப்பாசிட்டர் மாத்தியிருக்கு, எந்த போர்டு ஒரிஜினல், எது வேற மெஷின்ல இருந்து கழட்டி போட்டதுன்னு கேளுங்க. கேம் மேல உண்மையா ஆசை இருக்கிறவங்க வாங்கறாங்கன்னு தெரிஞ்சா இந்த மாதிரி ஆளுங்க ஒண்ணையும் மறைக்க மாட்டாங்க, ஏன்னா அந்த மெஷின் நல்ல எடத்துக்கு போகணும்ங்கிற அக்கறை ஓனர விட அவங்களுக்குத்தான் அதிகம். இன்னொண்ணு, பின்னாடி ரூம்ல பழைய போர்டு, உடைஞ்ச ஜாய்ஸ்டிக், கழட்டி வச்ச மானிட்டர், மெஷின் உச்சில கேம் பேர் போட்ட மார்க்கீ கண்ணாடி, மேனுவல், சாவி எல்லாம் குவிஞ்சு கெடக்கும். மெஷின் வாங்கறப்போ அதுல உங்க மெஷினுக்கு சேரவேண்டியத சேத்து குடுங்கன்னு கேட்டா பாதிப்பேர் சும்மாவே குடுத்துடுவாங்க, அவங்களுக்கு அது குப்பை, நாளைக்கு உங்களுக்கு அது தங்கம்.

இப்போ மெஷின எப்படி பாக்கறதுங்கறதுக்கு வர்றேன், இங்க கொஞ்சம் நிதானமா படிங்க.

முதல்ல மெஷின ஆஃப் பண்ண சொல்லி, கண்ணாடி வழியா சிஆர்டி ட்யூப, அதாவது பழைய டிவில இருக்கிற மாதிரி பிக்சர் ட்யூப உத்துப் பாருங்க, ஒரு டார்ச் அடிச்சா நல்லது. பாக்மேனா இருந்தா பெரும்பாலும் ஆஃப்ல இருக்கும்போதே அந்த நீல சுவர் போட்ட பாதை முழுசா கண்ணாடில படிஞ்சு தெரியும், மேல ஹை ஸ்கோர்ங்கிற எழுத்து கூட படிக்கலாம். இதுக்கு பேரு பர்ன்-இன், பல வருஷமா ஒரே படம் ஒரே எடத்துல எரிஞ்சு உள்ள இருக்கிற பாஸ்பர் தேஞ்சு போறதால வர்றது, இத எந்த ரிப்பேராலயும் சரி பண்ண முடியாது, ட்யூபையே மாத்தணும். பாக்மேன்ல கொஞ்சம் பர்ன்-இன் இருக்கறது சகஜம், அதே பாதை அதே எடத்துலதான் வரும்ங்கறதால விளையாடும்போது பெருசா தெரியாது. ஆனா மிஸ் பாக்மேன் மானிட்டர்லயோ, இல்ல வேற ஏதாவது கேம் ஓடற கேபினெட்லயோ (மெஷினோட மரப்பெட்டி) பாக்மேன் பாதை தெரிஞ்சா, அந்த ட்யூப் வேற மெஷின்ல இருந்து வந்திருக்குன்னு அர்த்தம், இல்லன்னா அந்த கேபினெட்டே ஒரு காலத்துல பாக்மேனா இருந்து மாறியிருக்கு. ஒரு மெஷினோட பழைய கதைய ட்யூப் சொல்ற அளவுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க.

அப்புறம் ஆன் பண்ண சொல்லுங்க, அதுவும் சூடு ஆறின மெஷினா இருக்கணும். முதல் நிமிஷம் எப்படி வருதுன்னு பாருங்க. பாக்மேன் ஆன் ஆனதும் கொஞ்சம் குப்பையா எழுத்து வரும், அப்புறம் கட்டம் கட்டமா ஒரு கோடு, அப்புறம் கேம் வரும், அது நார்மல்தான், பயந்துடாதீங்க. கலாகாங்கிற கேம்ல ராம் ஓகே ரோம் ஓகேன்னு அதுவே சொல்லும். குப்பையா வந்து அங்கயே நின்னா, இல்ல திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிட்டே இருந்தா போர்டுலயோ பவர் சப்ளைலயோ பிரச்சனை. அடுத்து அரை மணி நேரம், முடிஞ்சா ஒரு மணி நேரம் ஓட விட்டு விளையாடுங்க. சூடானதுக்கு அப்புறம்தான் படம் சுருங்கறது, மேல வளையறது, ஒரு பக்கம் நடுங்கறது எல்லாம் வரும். படம் வளைஞ்சா, ஓரம் உள்ள இழுத்துக்கிட்டா பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கெப்பாசிட்டர் காய்ஞ்சு போனதுதான், கேப் கிட்னு ஒரு சின்ன பாக்கெட் விக்கறாங்க, கம்மி விலைதான். ஆனா சத்தம் வருது கேம் ஓடுது படம் மட்டும் சுத்தமா இல்லன்னா அது ஃப்ளைபேக்கா, அதாவது ட்யூபுக்கு ஹை வோல்டேஜ் குடுக்கிற ட்ரான்ஸ்ஃபார்மரா இருக்கலாம், ட்யூபா இருக்கலாம், என்னன்னு தெரியாத வரைக்கும் அத செத்த மானிட்டர்னே கணக்கு போட்டு விலை பேசுங்க.

காயின் டோர திறக்க சொல்லுங்க. உள்ள ஒரு டெஸ்ட் ஸ்விட்ச் இருக்கும், அத போட்டா செல்ஃப் டெஸ்ட் ஸ்கிரீன் வரும், பாக்மேன்ல மெமரி ஓகேன்னு போட்டு எத்தன லைஃப், எத்தன காயின்னு செட்டிங் காட்டும். சில கேம்ல இதே மோட்லயே ஒவ்வொரு பட்டனையும் அமுக்கி பாக்கலாம், இல்லாத கேம்ல விளையாடித்தான் பாக்கணும், ரெண்டாவது பிளேயர் பட்டனையும் மறக்காதீங்க, நாலு பக்கமும் ஜாய்ஸ்டிக்க தள்ளி பாருங்க. செண்டிபீட் மாதிரி ட்ராக்பால் வச்ச மெஷின்ல பந்த உருட்டினா வழுக்கிட்டு போகணும், கரகரன்னு சத்தம் வந்தா பேரிங் தேஞ்சிருக்கு, அது மாத்தக்கூடியதுதான். ஜாய்ஸ்டிக், பட்டன், ஸ்பீக்கர், பல்பு இந்த நாலும் எவ்வளவு மோசமா இருந்தாலும் கவலைப்பட வேண்டாம், எல்லாம் இன்னிக்கும் புதுசா கிடைக்குது.

அதுக்கப்புறம் பிளக்க புடுங்கிட்டு பின்கதவ திறக்க சொல்லுங்க. சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொன்னா அது சகஜம், பூட்ட ட்ரில் போட்டு எடுத்துட்டு புதுசு மாட்டறது பத்து நிமிஷ வேலை, ஆனா உள்ள பாக்காம வாங்காதீங்க, அவங்கள விட்டே ட்ரில் பண்ண சொல்லுங்க. உள்ள பாக்கும்போது கைய எதுலயும் வைக்காதீங்க. சிஆர்டில பல்லாயிரம் வோல்ட் இருக்கும், பிளக்க புடுங்கினதுக்கு அப்புறமும் அந்த சார்ஜ் உள்ளயே நிக்கும். ட்யூப் பின்னாடி இருக்கிற கண்ணாடி கழுத்து ரொம்ப மெல்லிசு, தெரியாம முழங்கை பட்டு உடைஞ்சா வேக்கம் போயி மானிட்டர் அதோட முடிஞ்சது. மானிட்டர் டிஸ்சார்ஜ் பண்றது எப்படின்னு வீடியோ பாத்துட்டு தனியா இறங்கறத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்க, கூட இருந்து கத்துக்கங்க.

டார்ச் அடிச்சு என்ன பாக்கணும்னா, முதல்ல பவர் கார்டு. மூணாவது கால், அந்த உருண்டையான கிரவுண்ட் கால் வெட்டி எடுத்திருக்காங்களான்னு பாருங்க, பழைய கட்டிடத்துல ரெண்டு ஓட்ட பிளக்பாயிண்ட் இருந்ததால அந்த காலத்துல நிறைய பேர் அப்படி வெட்டி விட்டிருக்காங்க. உலோக காயின் டோர் இருக்கிற மெஷினுக்கு கிரவுண்ட் இல்லன்னா அது ஆபத்து, வாங்கினா முதல் வேலையா புது கார்டு மாத்துங்க. ஃப்யூஸ் ஒவ்வொண்ணையும் பாருங்க, அதுல அலுமினியம் ஃபாயில் சுத்தியிருந்தா அந்த மெஷின்ல ஏதோ ஒண்ணு ஃப்யூஸ எரிச்சிட்டே இருந்திருக்கு, அத கண்டுபிடிக்காம மூடி மறைச்சிருக்காங்க. அடுத்தது போர்டு ஒயரோட சேர்ற எட்ஜ் கனெக்டர். பாக்மேன் போர்டுல பவர் வர்ற பின்னுங்க பழுப்பாகி கருகிப் போறது ரொம்ப பிரபலமான வியாதி, போர்டுலயே ஏசி வந்து டிசியா மாறுற மாதிரி டிசைன் பண்ணதால அந்த பின்னுல சூடு ஏறிட்டே இருக்கும். கருகியிருந்தா கூட சரி பண்ணலாம், ஆனா விலைல கழிக்கணும்.

கேபினெட்டோட கீழ் விளிம்ப குனிஞ்சு பாருங்க. தரைய தினமும் ஈரத்துணி போட்டு துடைச்சதுல பார்ட்டிக்கிள் போர்டு தண்ணி குடிச்சு ஊதிப்போயி பிரெட் மாதிரி விரிஞ்சிருக்கும். ஒரு மூலை மட்டும்னா பரவாயில்ல, அடிப்பக்கம் முழுக்கன்னா நகத்தும்போதே கால் புடுங்கிட்டு வந்துடும். உள்ள எலிப்புழுக்கை இருந்தா துடைப்பத்தால பெருக்காதீங்க, வாக்யூமும் போடாதீங்க, அந்த தூசில ஹண்டா வைரஸ் இருக்க வாய்ப்பிருக்கு, கிளவுஸ் போட்டுக்கிட்டு பிளீச் கலந்த தண்ணிய தெளிச்சு நனைய விட்டு துடைச்சு எடுக்கணும். எலி இருந்த மெஷின்ல ஒயர் கடிச்சிருக்கான்னும் பாத்துடுங்க.

எந்த கேம் வாங்கறதுன்னு கேட்டா, நீங்க உண்மையா விளையாட போற கேம வாங்குங்க, விலை ஏறும்னு நெனச்சு வாங்காதீங்க, வீட்டு ஹால்ல நிக்கப்போறது அதுதான். ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்கு, அத தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. மிஸ் பாக்மேனும் கலாகாவும் முதல் மெஷினுக்கு ரொம்ப நல்லது, ரெண்டும் அமெரிக்கால மிட்வே தயாரிச்சது, ஏகப்பட்டது வந்ததால பார்ட்ஸும் இருக்கு தெரிஞ்ச ஆளுங்களும் இருக்காங்க. டாங்கி காங் 1981ல வந்தது, அதுல இருக்கிற சான்யோ மானிட்டர் தனி ரகம், நிண்டெண்டோ போர்டு வீடியோ சிக்னல தலைகீழா அனுப்பும், அதனால அந்த மானிட்டர் போச்சுன்னா வேற மானிட்டர நேரா மாட்ட முடியாது, நடுவுல அந்த சிக்னல திருப்பி போடற ஒரு இன்வர்ட்டர் போர்டு வேணும். சிவப்பு கேபினெட் டாங்கி காங் ஒண்ணு கண்ணுல பட்டா நின்னு பாருங்க. ரேடார் ஸ்கோப்னு ஒரு கேம் விக்காம போய் அந்த மெஷினயே மாத்தித்தான் முதல் டாங்கி காங் வந்துச்சு, அதெல்லாம் சிவப்பு, அப்புறம் வந்ததுதான் நீலம்.

வில்லியம்ஸ் கம்பெனி மெஷின், அதாவது டிஃபெண்டர், ரோபோட்ரான், ஜவுஸ்ட், இதுலெல்லாம் சிபியு போர்டு மேலயே மூணு ஏஏ பேட்டரி இருக்கும், ஹை ஸ்கோரும் செட்டிங்கும் மறக்காம இருக்கறதுக்கு. யாரோ போட்டு மறந்துட்ட அந்த பேட்டரி கசிஞ்சு போர்டோட காப்பர் கோட்ட பச்ச பச்சயா அரிச்சு தின்னிருக்கும். ரோபோட்ரான் ஆன் பண்ணும்போதெல்லாம் ஃபேக்டரி செட்டிங்ஸ் ரீஸ்டோர்டுன்னு காட்டுச்சுன்னா பேட்டரி போயிடுச்சு, பின்கதவ திறந்து அந்த எடத்த முதல்ல பாருங்க. சுத்தமா இருந்தா நிம்மதி, பச்சயா இருந்தா விலைய குறைங்க. வாங்கினதும் பேட்டரிய போர்டுல இருந்து தள்ளி வைக்கிற மாதிரி ஒயர் இழுத்து மாட்டுங்க, இல்லன்னா பேட்டரியே வேணாத மெமரி சிப் ஒண்ணு கிடைக்குது, அத போட்டுடுங்க.

அட்டாரியோட வெக்டர் கேம், அதாவது படத்த புள்ளியா இல்லாம நேரா கோடா வரையற கேம், ஆஸ்டராய்ட்ஸ், டெம்பெஸ்ட் இதெல்லாம் பாக்க அவ்வளவு அழகு, அந்த கோடு ஜொலிக்கற மாதிரி எந்த எல்சிடிலயும் வராது. ஆனா கலர் வெக்டர் மானிட்டர் ரிப்பேர் பண்ணத்தெரிஞ்சவங்க கொஞ்ச பேர்தான், டெம்பெஸ்ட் முதல் மெஷினா வாங்காதீங்க, ரெண்டாவதா மூணாவதா வாங்குங்க. 1983ல வந்த டிராகன்ஸ் லேர் லேசர்டிஸ்க் பிளேயர நம்பி ஓடற கேம், அந்த பிளேயர் தேஞ்சா பெரிய தலைவலி.

தொண்ணூறுகள்ல வந்த மெஷின்தான் உங்க ஆசைன்னா, 1991 ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மாதிரி, அது கொஞ்சம் சுலபம். 80கள் நடுவுல ஜப்பான்ல ஜாமான்னு ஒரு ஸ்டாண்டர்ட் வந்துச்சு, 56 பின் கனெக்டர், அது இருக்கிற கேபினெட்ல ஒரு போர்ட கழட்டிட்டு இன்னொண்ண மாட்டிடலாம், ஆறு பட்டன் கேம்னா கிக் பட்டனுக்கு மட்டும் தனியா ஒரு ஒயர் போகும். ஆனா கேப்காமோட அடுத்த தலைமுறை போர்டு சிபிஎஸ்-2, 1993 சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ல இருந்து வந்தது, அதுல ஒரு பேட்டரி இருக்கு, அது செத்தா கேமோட சாவி, அதாவது கேம திறக்கிற ரகசிய கோடு அழிஞ்சு போர்டு மொத்தமா படுத்துடும், சூசைட் பேட்டரின்னே பேரு. 2016ல அந்த சாவிய திரும்ப எழுதி உயிர் குடுக்கிற வழிய கண்டுபிடிச்சுட்டாங்க, அதனால செத்த போர்டும் வீண் இல்ல, ஆனா செத்த போர்டுக்கு உயிரோட இருக்கிற போர்டோட விலைய குடுத்துடாதீங்க.

விலை பத்தி. எவ்வளவுக்கு போட்டிருக்காங்கன்னு பாக்காதீங்க, எவ்வளவுக்கு வித்துச்சுன்னு பாருங்க, ஈபேல வித்து முடிஞ்ச லிஸ்டிங் மட்டும் தனியா காட்டும். ஒரிஜினல் கேபினெட், ஒரிஜினல் போர்டு, பக்கவாட்டுல ஒட்டின படம் (சைட் ஆர்ட்) கிழியாம, மானிட்டர் ஓடுது, இது ஒரு விலை. உள்ள ஒரிஜினல் போர்ட எடுத்துட்டு 60-இன்-1னு ஒரு சின்ன மல்டிகேம் போர்டு மாட்டியிருக்காங்கன்னா அது வேற விலை, ரொம்ப கம்மியா இருக்கணும். ஆன் பண்ணதும் கேம் லிஸ்ட் மெனு வந்தா உடனே தெரிஞ்சுடும், மெனு வராம ஒரே கேம் மட்டும் வர்ற மாதிரியும் செட் பண்ணலாம், அதனால பின்கதவ திறந்து போர்ட பாத்தே ஆகணும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு மட்டும் தனியா தொங்கிட்டு இருந்தா அது 1980 போர்டு இல்ல. ஆர்கேட்1அப்னு கடைல புதுசா விக்கற குட்டி மெஷினோடயும் குழப்பிக்காதீங்க, 2018ல வந்தது, முக்கால் சைஸ், எல்சிடி. ஆர்கேட்காரங்களுக்கு கடைசி நாளுக்குள்ள இடத்த காலி பண்ணி குடுக்கணும்ங்கிற அவசரம் இருக்கும், ரெண்டு மெஷின் சேத்து கேட்டாலோ, நானே வண்டி கொண்டுவந்து சொன்ன நேரத்துக்கு எடுத்துக்கறேன்னு சொன்னாலோ நல்லா இறங்கி வருவாங்க. ஆனா கடைய மூடற வருத்தத்துல இருக்கிற மனுஷங்க கிட்ட அடிமாட்டு விலைக்கு கேக்காதீங்க, அது நல்லா இருக்காது, நியாயமான விலைய சொன்னா பின்னாடி ரூம்ல இருக்கிற பார்ட்ஸும் சேந்து வரும்.

எடுத்துட்டு வர்றது தனி வேலை. நின்ன மாதிரி இருக்கிற ஸ்டாண்டர்ட் கேபினெட் ஆறடிக்கு கொஞ்சம் கம்மி உயரம், சுமார் 250ல இருந்து 300 பவுண்டு வெயிட். போறதுக்கு முன்னாடியே வீட்டு வாசல், உள்கதவு, பேஸ்மெண்ட் படி திரும்பற எடம் எல்லாத்தையும் டேப் வச்சு அளந்துக்கங்க, நாலு பேர் விளையாடற நிஞ்ஜா டர்டில்ஸ் மாதிரி மெஷின்னா கண்ட்ரோல் பேனல கழட்டினாத்தான் கதவுல நுழையும். ஃப்ரிட்ஜ் தூக்கற டாலி ஒண்ணும் ரேட்செட் பெல்ட்டும் வாடகைக்கு எடுங்க, ராம்ப் இருக்கிற வண்டியா எடுங்க, கூட ரெண்டு பேர கூட்டிட்டு போங்க. மார்க்கீ கண்ணாடிய கழட்டி போர்வைல சுத்தி சீட்ல வைங்க. காயின் பாக்ஸ், உள்ள கெடக்கிற ஸ்குரூ, லூசா இருக்கிற போர்டு எதுவும் உருளாம பாத்துக்கங்க, ஒரு ஸ்குரூ போர்டு மேல உருண்டு கெடந்து ஆன் பண்ணும்போது ஷார்ட் ஆகறது சாதாரணமா நடக்கிற விஷயம். கண்ட்ரோல் பேனலயும் மார்க்கீ பக்கத்தையும் புடிச்சு தூக்காதீங்க. முடிஞ்ச வரைக்கும் நின்ன வாக்குலயே கட்டி எடுத்துட்டு வாங்க, வேற வழியே இல்லன்னா முதுகு பக்கம் படுக்க வைக்கலாம், மூஞ்சி கீழ பாக்க மட்டும் எந்த காரணத்துக்கும் வைக்காதீங்க, ட்யூபோட மொத்த வெயிட்டும் நாலு போல்ட்ல தொங்கும்.

வீட்டுக்கு வந்ததும் உடனே பிளக் போட கை பரபரக்கும், பொறுங்க. குளிர்ல இருந்து வந்திருந்தா ராத்திரி முழுக்க ரூம் சூட்டுக்கு வரட்டும், உள்ள ஈரம் படிஞ்சிருக்கும். பின்கதவ திறந்து சிப் ஏதாவது சாக்கெட்ல இருந்து எழும்பியிருக்கா, கனெக்டர் கழண்டிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. வீட்டு நார்மல் 120 வோல்ட் பிளக்பாயிண்டே போதும். முதல் மாசம் எதையும் பெருசா மாத்தாதீங்க, பேட்டரி, பவர் கார்டு, தப்பான ஃப்யூஸ் இந்த மூணு மட்டும். மேனுவலும் ஸ்கீமேட்டிக்கும் நெட்ல சும்மாவே கிடைக்கும், கேஎல்ஓவின்னு தேடினா வர்ற ஆர்கேட் ஃபோரத்துல இருக்கிற ஆளுங்க உங்க மெஷினோட ஒவ்வொரு ஒயரையும் மனப்பாடமா சொல்லுவாங்க. டிப் ஸ்விட்ச்ல (போர்டுல இருக்கிற குட்டி செட்டிங் ஸ்விட்ச்) காசு இல்லாம விளையாடற ஃப்ரீ பிளே இருக்கிற கேம்னா போட்டுக்கலாம், ஆனா பசங்க இருக்கிற வீட்ல காசு வாங்கற காயின் மெக்க வேலை செய்ய வச்சு ஒரு கிண்ணத்துல 25 செண்ட் குவார்ட்டர் காசா போட்டு வைங்கன்னுதான் நான் சொல்லுவேன், காசு உள்ள விழற சத்தத்தோட விளையாடறதுல இருக்கிற கவனமே வேற.

ஒரே ஒரு வேண்டுகோள். நல்லா ஓடற ஒரிஜினல் மெஷின வாங்கிட்டு, உள்ள இருக்கறதெல்லாம் புடுங்கி எறிஞ்சுட்டு எல்சிடியும் கம்ப்யூட்டரும் மாட்டாதீங்க. ஆயிரம் கேம் வேணும்னா காலி கேபினெட்டே நிறைய கிடைக்குது, அதுல பண்ணுங்க, தாராளமா பண்ணுங்க. சிஆர்டி இனிமே வரப்போறதில்ல, இருக்கறதுதான் இருக்கு. ஏதாவது பார்ட் மாத்த வேண்டி வந்தா கழட்டினத தூக்கிப்போடாம ஒரு கவர்ல போட்டு, என்னிக்கு எதுக்கு மாத்தினதுன்னு எழுதி கேபினெட்டுக்குள்ளயே வைங்க, அடுத்து ரிப்பேர் பண்றவருக்கு அந்த ஒரு சீட்டு பல மணி நேர வேலைய மிச்சப்படுத்தும். நியூ ஹாம்ப்ஷயர் லகோனியால ஃபன்ஸ்பாட்ல இருக்கிற அமெரிக்கன் கிளாசிக் ஆர்கேட் மியூசியம், இல்லினாய் புரூக்ஃபீல்ட்ல இருக்கிற கேலப்பிங் கோஸ்ட், இந்த ரெண்டு எடமும் பழைய மெஷின ஒரிஜினலா ஓட வச்சுக்கிட்டு இருக்காங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய் நல்லா இருக்கிற மெஷின் எப்படி இருக்கும்னு பாத்துட்டு வந்தீங்கன்னா, உங்க ஊர் ஆர்கேட்ல நிக்கறது எந்த நிலைமைல இருக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

கடைசியா, இத ஊருக்கு அனுப்பலாமான்னு நம்ம ஆளுங்க கண்டிப்பா கேப்பாங்க. 120 வோல்ட் மெஷின சென்னைல 230 வோல்ட்ல நேரா மாட்டினா ஃப்யூஸ்ல ஆரம்பிச்சு எல்லாம் போயிடும், ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும், அங்க 50 ஹெர்ட்ஸ் வேற, அதுக்கு ஒத்துவர்ற ட்ரான்ஸ்ஃபார்மரான்னு மெஷினுக்குள்ள இருக்கிற லேபிள்ல பாக்கணும். பழைய எலக்ட்ரானிக்ஸ உள்ள கொண்டுவர கஸ்டம்ஸ்ல என்ன ரூல்னு கிளியரிங் ஏஜெண்ட் கிட்ட எழுத்துல வாங்கிக்கங்க, கண்டெய்னர் செலவு மெஷின் விலைய தாண்டிடும். குடும்பத்தோட மொத்தமா வீட்ட காலி பண்ணிட்டு ஊருக்கே திரும்பறீங்க, கண்டெய்னர்ல எடம் இருக்கு, அங்க சிஆர்டி ரிப்பேர் தெரிஞ்ச பழைய டிவி மெக்கானிக் ஒருத்தர் பழக்கம்னா அனுப்புங்க. இல்லன்னா இங்கயே விளையாடிட்டு, போகும்போது அத நல்லா பாத்துக்கற ஒருத்தருக்கு வித்துட்டு போங்க.